என் நாத்தனார் சிபாரிசு செய்யும் விளையாட்டுகள்

என் நாத்தனாரிடம் போய் "விளையாட நல்ல வீடியோ கேம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பெயர் சொல்ல மாட்டாள். உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப வழி தெரியாம நின்னீங்க? அப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்பாள். கேம் கேட்க வந்தவர் திருதிருவென்று முழிப்பார். "போன்ல மேப் பாத்தேன்" என்கிறவரை, "உங்களுக்கு சினிமாதான் சரி, நல்ல படமா பாருங்க" என்று அனுப்பிவிடுவாள். ஒருவர் மட்டும், "யாரையும் கேக்கலைங்க. ஒரு பூனை சந்துக்குள்ள போச்சு, நானும் அது பின்னாடியே போனேன்" என்றார். அவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, மூன்று விளையாட்டு சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் அவளுக்கு லென்ஸ் என்று பெயர். சின்ன வயதில் சோடா பாட்டிலின் அடிப்பாகத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு எறும்பைத் துரத்துவாளாம், அவள் அண்ணன் வைத்த பெயர். அந்த அண்ணன்தான் என் கணவர். பெயர் வைத்த ராசியோ என்னவோ, வளர்ந்ததும் கண்ணாடிக் கடையில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன இருட்டறை உண்டு. வருகிறவர்களை அங்கே உட்கார வைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, சில்லு சில்லாகக் கண்ணாடியை மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் வேலை.

"சுவத்துல இருக்கிற எழுத்து தெரியலன்னா ரெண்டு விதமா நடந்துக்குவாங்க அண்ணி," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "ஒருத்தர், தனக்கு முன்னாடி உக்காந்தவர் படிச்சதைக் காதுல வாங்கி வச்சுக்கிட்டு அப்படியே ஒப்பிப்பார். இன்னொருத்தர், 'தெரியலம்மா, ஆனா ஏதோ வட்டமா இருக்கு, கீழ வால் மாதிரி தொங்குது'ன்னு சொல்வார். என் நல்ல கேமெல்லாம் அந்த ரெண்டாவது ஆளுக்குத்தான்."

அவளுடைய நல்ல கேம் என்றால் என்ன என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. சுடுவது கிடையாது. ஓட்டப்பந்தயம் கிடையாது. மணியடித்து நேரம் முடிந்தது என்று சொல்வது கிடையாது. ஒரு இடம் இருக்கும், அதில் நீங்கள் தனியாக நிற்பீர்கள், ஒரு கதவு சாத்தியிருக்கும். எப்படித் திறப்பது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தொட்டுப் பார்க்கலாம், காது கொடுத்துக் கேட்கலாம், வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சும்மா நிற்கலாம். திடீரென்று எதுவோ பிடிபடும். ஆரம்பத்திலிருந்தே கதவு திறந்துகொள்ளத் தயாராகத்தான் இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை என்று புரியும். இதற்குப் போய் ஒரு விளையாட்டா என்று நான் அப்போது நினைத்தேன்.

அவள் சிபாரிசு குறி தப்பாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், மாத்திரைக்கு ஒரு வார்த்தை செலவழிப்பதே பெரிது. அவருக்குத் தோட்டத்தில் பறவைகள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு வழி கண்டுபிடிக்கிற விளையாட்டைக் கொடுத்தாள். மனிதர் இப்போது சீட்டைப் பார்த்து மருந்து எடுக்கும்போது சீட்டியடிக்கிறார். அவள் கடையில் பில் போடும் பெண்ணுக்கு, உலகத்தில் இல்லாத ஒரு மொழியில் எழுதப்பட்ட பலகைகளைப் பார்த்து அர்த்தம் ஊகிக்கிற விளையாட்டைக் கொடுத்தாள். ஒரு நாள் அந்தப் பெண், வாடிக்கையாளர் நிற்பதையும் மறந்து இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "அக்கா, அந்த வளைஞ்ச எழுத்து தண்ணிக்கா! தண்ணியேதான்!" என்று கத்தினாளாம். சோதனைச் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தவர் பயந்துவிட்டார். என்னிடம் இதைச் சொல்லும்போது லென்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றேன்.

"இந்த மாதிரி கேமை ஒரு தடவைதான் ஆட முடியும் அண்ணி. தெரிஞ்சதை மறுபடி தெரியாததா ஆக்கிக்க முடியாதே. இனிமே எனக்கு அது கிடைக்காது. அடுத்தவங்களுக்குக் கிடைக்கும்போது பக்கத்துல இருந்து பாத்தாத்தான் உண்டு."

அப்படிப் பார்ப்பதற்கு அவளிடம் ஒரு முறை இருக்கிறது. யாருக்குக் கேம் சொன்னாலும் முதல் நாள் கூட உட்காருவாள். உட்காரும்போது இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்து நசுக்கிக்கொள்வாள். கை நீளாது, வாயும் திறக்காது. எதிராளி பத்து தடவை அதே சுவரில் முட்டிக்கொண்டாலும் சரிதான். எழுந்திருக்கும்போது கையில் நாற்காலிப் பின்னலின் அச்சு கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். சின்ன வயதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மிஷின், ஒரே கன்ட்ரோலர். யார் கையில் கன்ட்ரோலர் இல்லையோ அவர் கையின் மேல் உட்கார வேண்டும் என்று அவர்களே போட்டுக்கொண்ட சட்டம் அது.

தங்கை சட்டத்தைக் காப்பாற்றினாள். அண்ணனுக்குத்தான் தொழில் குறுக்கே வந்தது. என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் வண்டியில் மாணவர் பக்கம் ஒரு பிரேக், இவர் பக்கம் ஒரு பிரேக். வருஷக்கணக்காக அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, உலகத்தில் யார் எந்தத் தப்பு செய்தாலும் இவர் வலது கால் தானாகத் தரையை அமுக்கும். நான் தோசைக்கல்லில் கை வைக்கப் போனாலும் அமுக்கும், டிவியில் நடிகர் மாடிப்படியில் தடுக்கினாலும் அமுக்கும். லென்ஸ் விளையாடும்போது பின்னால் இவர் உட்கார்ந்திருந்தால் தொப்பென்று சத்தம் வரும். அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "அண்ணா, உன் கால் பேசுது. தூக்கி மேல வச்சுக்கோ" என்பாள். இவரும் சோபாவில் சம்மணம் போட்டு, இரண்டு பாதத்தையும் கையால் பிடித்துக்கொண்டு உட்காருவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

காலைத் தூக்கி வைக்கலாம், நாக்கை எங்கே தூக்கி வைப்பது? நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

லென்ஸின் கல்யாணம் நிலைக்கவில்லை. அவள் புருஷன் குடிகாரனோ கொடுமைக்காரனோ இல்லை. எல்லாவற்றையும் அவளுக்கு முன்பே சொல்லிவிடுகிற ஆள், அவ்வளவுதான். படத்துக்குப் போனால் முடிவைச் சொல்வான். அவளுக்கு என்ன பிடிக்கும், அவள் என்ன நினைக்கிறாள் என்பதையும் அவனே சொல்லிவிடுவான். சில வருஷம் கேட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு வெளியே வந்தாள். கடைக்குப் பக்கத்திலேயே மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான், ஆளில்லாத தீவு ஒன்றில் நடக்கும் கலங்கரை விளக்கு விளையாட்டு வந்தது. அண்ணன் ஒன்று, தங்கை ஒன்று வாங்கி, அவரவர் வீட்டில் ஆடினார்கள். இரண்டு பேரும் முடித்தபிறகுதான் பேசுவது என்று ஒப்பந்தம். கடைவிட்டு வந்ததும் அந்தத் தீவுக்குள் போய்விடுவாள். "அங்க ஒருத்தரும் எனக்கு எதுவும் சொல்றதில்ல அண்ணி," என்று போனில் சொன்னபோது அவள் குரலில் இருந்த தெம்பு எனக்கு இப்போதும் கேட்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. நான் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தேன். திரும்பி வந்தபோது லென்ஸ் சோற்றில் வைத்த கையை எடுத்து அப்படியே நிறுத்தியிருந்தாள். இவர் முகம் வெளுத்திருந்தது. "நீ இன்னும் அங்கயேவா சுத்திக்கிட்டிருக்க?" என்று ஆரம்பித்து, வண்டியில் மாணவனுக்குச் சொல்கிற மாதிரி முடிவைச் சொல்லித் தொலைத்திருக்கிறார்.

"நீயுமா அண்ணா?" என்றாள். சத்தம் போடவில்லை. கை கழுவிவிட்டு, என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு அண்ணன் தங்கை பேச்சு நின்றுபோனது. போனை இவர் எடுத்தால், "அண்ணி இருக்காங்களா?" என்பாள். விசேஷம் என்றால் வருவாள், இவர் உட்கார்ந்த வரிசையில் உட்கார மாட்டாள். ஒரு விளையாட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனார் கொடுமை என்று ஊரில் ஆயிரம் கதை சொல்வார்கள். எனக்கு வாய்த்த நாத்தனார் தங்கம். அவள் வராமல் போனதில் எங்கள் வீட்டில் வெளிச்சமே பாதியானது போல இருந்தது. இவர் ராத்திரிச் சாப்பாட்டில் அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தட்டை எடுப்பார்.

வருஷங்கள் ஓடின. ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல், "போய் மன்னிப்புக் கேளுங்களேன், கால் தேஞ்சா போயிடும்?" என்று சண்டை பிடித்தேன்.

"கேட்டேன். ஒண்ணும் சொல்லல." பிறகு, "இன்னொண்ணு இருக்கு, அதைத்தான் சொல்ல முடியல" என்றார்.

"என்னது?"

"நான் அன்னைக்கு முடிவுன்னு சொன்னேன்ல, அது முடிவே இல்ல. அதுக்கப்புறமும் இருக்கு. அடுத்த மாசமே கண்டுபிடிச்சுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடப் பாவி மனுஷா! அதை அவகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? முடிஞ்சுதுன்னு நினைக்கிற இடத்துல முடியலங்கிறதுதானே அந்த விளையாட்டோட ரகசியமே! மறுபடி போட்டுப் பாருன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவ கற்பூரம் மாதிரி பிடிச்சுக்குவா. மறுபடியும் அவ கையில இருந்து பிடுங்கினவன் நான்தான்னு ஆகும்."

திறக்கக்கூடாத நேரத்தில் வாயைத் திறந்தவர், திறக்க வேண்டிய நேரத்தில் பூட்டுப் போட்டுக்கொண்டார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இத்தனை நாள் குற்றவாளியாகவே உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே, அந்த முட்டாள் மனுஷன் மேல் ரொம்ப நாளைக்கப்புறம் பாசமும் வந்தது. மேற்கொண்டு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம். இருட்டறை நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒரு கேம் சொல்லு" என்றேன்.

லென்ஸ் சிரித்தாள். "உங்களுக்கா? அதைப் பாத்தாலே தலைவலிங்கிற ஆளு நீங்க."

"தலைவலி என் தலைக்குத்தானே. சொல்லு."

அவள் சிபாரிசு என்றால் மறுக்கத் தெரியாதவள். வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். பிறகு, "உங்க வேலையில கடைசியா என்ன பண்ணுவீங்க?" என்றாள். நான் ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு மேற்பார்வை. விருந்தாளி காலி செய்த அறையைக் கடைசியாகப் பார்ப்பது நான்தான். தலையணைக்கு அடியில், திரைக்குப் பின்னால், குளியலறைக் கொக்கியில் எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்த மாட்டேன். அதைச் சொன்னேன்.

லென்ஸ் கையிலிருந்த சில்லைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தாள். "உங்களுக்கு அந்தக் கலங்கரை விளக்குதான் அண்ணி," என்றாள். "நான் முடிக்கல அதை. எனக்குக் கெட்டுப்போனா உங்களுக்கும் கெட்டுப்போகணுமா என்ன? நானே வந்து கூட உக்காருறேன்." அந்த மனசு யாருக்கு வரும், சொல்லுங்கள். தன் வாயில் மண் விழுந்த பண்டத்தை அடுத்தவருக்குச் சுத்தமாகப் பரிமாறுகிறாள்.

எங்கள் வீட்டு டிவியில்தான் ஆட வேண்டும். ஞாயிறு மத்தியானங்களில் வந்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பின்னல் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் போட்டு, கைமேல் உட்கார்ந்தாள். இவர் வகுப்பு முடிந்து வந்து பின்னால் சோபாவில் உட்காருவார். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது மரியாதை. முதல் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கன்ட்ரோலரில் எது கழுத்து, எது கால் என்று தெரியாமல் கடலில் விழுந்து விழுந்து எழுந்தேன். லென்ஸ் உதட்டைக்கூட அசைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, கூரையில் காற்றுக்குச் சுற்றும் தகரக் கோழி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கடல் வற்றுகிறது என்று எனக்குத் தானாகத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. ஐம்பதை நெருங்குகிறேன், வீட்டிலும் வேலையிலும் இப்படிச் செய், அப்படிச் செய் என்று கேட்டே வளர்ந்தவள். நாற்காலியிலிருந்து எழுந்து, "கோழி! கோழிதான்!" என்று கத்தினேன். லென்ஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் பில் போடும் பெண்ணுக்காக ஏன் அழுதாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்படியே தட்டித் தடவி, கடைசியில் உச்சிக்கு ஏறி விளக்கை ஏற்றிவிட்டேன். வெளிச்சம் கடல் மேல் சுற்றியது. இசை எழும்பியது. தூரத்திலிருந்து ஒரு படகு வந்து கரையில் நின்றது. பக்கத்தில் லென்ஸ் பெருமூச்சு விட்டு, தொடைக்கடியிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள். இவர் அன்று சொன்ன முடிவு இதுதான் என்று எனக்குத் தெரிந்துபோனது. விளக்கு எரிந்தால் படகு வரும், ஏறினால் முடிந்தது.

இதற்கு மேல் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது? எனக்கு ஒன்றும் தெரியாது. ஏறிவிட்டால் அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள், அப்புறம் எந்தச் சாக்கில் கூப்பிடுவேன்? கரை வரைக்கும் இறங்கி வந்தேன். படகில் கால் வைக்கப் போகும்போது பழக்கதோஷம், ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கதவு திறந்து கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. திரும்பிப் படியேற ஆரம்பித்தேன்.

"அண்ணி, எங்க போறீங்க?" என்றாள் லென்ஸ். எனக்குத் தெரிந்து அவள் சட்டத்தை மீறி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"விளக்கை அணைக்க வேணாமா? ஆளில்லாத இடத்துல லைட்டை எரியவிட்டுட்டு எப்படிக் கிளம்புறது?"

அணைத்தேன். டிவி கன்னங்கரேல் என்று ஆனது. இசையும் நின்றது. நான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று கன்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனேன்.

"இருங்க," என்றாள் லென்ஸ். "இருட்டு பழகட்டும்."

மெல்ல மெல்ல, கடலுக்குள்ளிருந்து மங்கலாக நீலக் கோடுகள் தெரிந்தன. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் படிகள். படகு நின்ற இடத்திலிருந்தே தண்ணீருக்குள் இறங்கின. அவை முன்பும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும், நாம் ஏற்றிய வெளிச்சத்தில்தான் தெரியாமல் இருந்தன.

"இது என்னது?" என்றேன்.

"தெரியல அண்ணி." நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "எனக்கு நிஜமாவே தெரியல." இரண்டு கைகளும் திரும்பத் தொடைக்கடியில் போய்விட்டன.

அப்போதுதான் அவள் பின்னால் திரும்பினாள். சோபாவில் அவள் அண்ணன் சம்மணம் போட்டு, இரண்டு பாதத்தையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர். இத்தனை ஞாயிறும் இப்படியேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார், நாங்கள்தான் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

தலையாட்டினார்.

"எப்பலேர்ந்து?"

"நீ கோவிச்சுக்கிட்டுப் போன அடுத்த மாசம்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள், தானே நிறுத்திக்கொண்டாள். பிறகு அவசரமாக, "கீழ என்ன இருக்குன்னு சொல்லிடாதே!" என்றாள்.

"சொல்றதுக்கு எனக்கும் தெரியாது."

உட்கார்ந்தபடியே என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கி, தான் சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டத்தைத் திறந்து காட்டினார். இருட்டு. நீலப் படிகள். முதல் படியில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

"நான் அதுக்கு மேல இறங்கல. நீ இல்லாம எப்படி இறங்குறது?"

லென்ஸ் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, காலைக் கீழ விடு. மரத்துப் போயிருக்கும்."

கன்ட்ரோலரை அவள் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இல்லை, என் ஆட்டத்தைத் திரும்பப் போட்டு என்னிடமே கொடுத்தாள். "நீங்க கண்டுபிடிச்ச கதவு அண்ணி. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

இறங்கினேன். இரண்டாவது படியிலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழப் போனேன். என் முதுகுக்குப் பின்னால் தரையில் தொப்பென்று ஒரு சத்தம். லென்ஸ் திரும்பிப் பார்க்காமல் சிரித்தாள், காலைத் தூக்கச் சொல்லவில்லை.